வாசலில் நிற்காத வண்டி

அடையாறு, சென்னை
9 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பி குகனுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? லண்டனில் இன்னும் குளிர் விடவில்லை என்று சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன வெள்ளிக்கிழமை போனில் "அம்மா போயிட்டா" என்று சொல்லி, நீ கேட்டதற்கு ஓம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை அடித்தாய். நான் எடுக்கவில்லை. கோவிக்காதே. உன் குரலைக் கேட்டால் எனக்குக் கதை வராது. எழுதினால் ஒழுங்காகச் சொல்வேன்.

அம்மா கஷ்டப்படவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தா. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் கேட்டா. நான் கரண்டியால் பருக்கினேன். இரண்டாவது கரண்டி கடைவாயால் வழிந்தது. அவ்வளவுதான்.

நீ போனில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஓம், வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஹாலில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினோம். குத்துவிளக்கு ஏற்றினோம். உரலில் மஞ்சள் போட்டுச் சுண்ணம் இடித்தோம், சுண்ணப் பாட்டும் படித்தோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். எங்கள் முறை தெரியாதவர்கள்தானே, "இலங்கையில் இப்படியா செய்வீர்கள்" என்று அதிசயமாகப் பார்த்தார்கள். வாய்க்கரிசி போட்டு, வாசல்வரை நாங்கள் பெண்கள் போனோம். கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து வந்த ஒரு பொடியன் கொள்ளி வைத்தான். தூரத்துச் சொந்தம், உனக்குத் தெரியாது.

வீட்டுக்கார ராம்குமார் சார் பெரிய உதவி. வண்டி ஏற்பாடு செய்தது அவர்தான்.

ஒன்றும் குறைவில்லை, தம்பி. ஒரே மகன் பக்கத்தில் இல்லை என்ற குறை ஒன்றுதான். அது உன் பிழையும் இல்லை.

இனி மருந்துக்கடை முகவரிக்கே எழுது. வீட்டில் தபால்காரர் கேட்டில் செருகிவிட்டுப் போகிறார், காற்றில் பறக்கிறது.

உன் அக்கா,
யோகமலர்

*

லண்டன்
24 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்களா? கொஞ்ச நாள் லீவு கேட்டிருக்கலாமே.

நீங்கள் போன் எடுத்து வைத்த பிறகு நான் லோயரிடம்தான் ஓடினேன். "ஒரு கிழமை போய் வரலாமா?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிசன். "போகலாம், ஆனால் வரமுடியாது. போன அன்றே உங்கள் கேஸ் முடிந்துவிடும்" என்றார். ஒன்பது வருடமாக நடக்கும் அகதிக் கேஸ். பாஸ்போர்ட்டும் குடிவரவு அதிகாரிகளிடம். எந்த விமானத்தில் எதைக் காட்டி ஏறுவது? திரும்பி வந்து அறையில் தலையை மழித்தேன். கூட இருக்கும் பொடியன்கள் மூவரும் வெளியே போய் நின்றார்கள், நான் அழுவதற்கு இடம் விட்டு.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஹாலில் எந்தப் பக்கம் கிடத்தினீர்கள், ஜன்னல் பக்கமா? சுண்ணப் பாட்டு யார் படித்தது? சென்னையில் நம்மட குருக்கள் ஒருவர் கிடைத்தாரா? அம்மாவுக்கு எந்தச் சேலை உடுத்தினீர்கள்? ஒரு படமாவது எடுத்திருப்பீர்கள். அனுப்புங்கள். முகம் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் பார்ப்பேன்.

இன்னொன்று. அம்மாவின் சாம்பல். தன்னைக் கீரிமலையில்தான் கரைக்கவேண்டும் என்று அவ எத்தனை தடவை சொன்னா. முப்பத்திநாலு வருடத்துக்கு முன்னால் எங்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவ. உயிரோடு திரும்பமாட்டேன் என்று அவவுக்குத் தெரியும், சாம்பலாகவாவது போகவேண்டும் என்றுதான் கேட்டா. அதைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் வழி பார்க்கிறேன்.

உங்கள் தம்பி,
குகதாசன்

*

சென்னை
10 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் நோய்நொடி இல்லை. தலையை மழித்துவிட்டுத் தொப்பி இல்லாமல் திரியாதே.

படம் எடுக்கவில்லை. யாருக்கும் கை வரவில்லை. என்னுடைய போனில் சார்ஜும் இல்லை.

சேலை நீலச் சேலை. கரையில் சின்னச் சின்னப் பூப் போட்டது. அம்மாவுக்கு வடிவாக இருந்தது.

இங்கே ராம்குமார் சாரின் மகள் கலியாணம் போன மாதம் நல்லபடி நடந்தது. தெரு முழுக்கப் பந்தல், சீரியல் லைட். மாப்பிள்ளை பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில். அந்தப் பிள்ளை சின்ன வயதில் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது. உனக்கு நினைவிருக்கும், கன்னத்தில் மச்சம் உள்ள பிள்ளை. நான் போகவில்லை. செத்தவீட்டுத் துடக்கோடு எப்படிப் போவது.

கடையில் வேலை கூட. வெயில் தொடங்கிவிட்டது, எல்லோரும் வயிற்றுப்போக்கு மாத்திரையும் உப்புக் கரைசலும் கேட்டு வருகிறார்கள். நின்று நின்று முழங்கால் வலிக்கிறது. அவ்வளவுதான் என் புதினம்.

சாம்பலைப் பற்றிக் கவலைப்படாதே. அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

லண்டன்
26 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்கு ஏதாவது தைலம் தடவுங்கள். மருந்துக்கடையில் இருந்துகொண்டு வலியோடு நிற்பது நீங்கள் ஒருவர்தான். நான் நலமாக இருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை இங்கே கோயிலில் செய்தேன். வைத்துச் செய்ய எனக்குச் சொந்த வீடு இல்லை, கோயில்காரர் தங்கள் மடப்பள்ளிக்குப் பின்னால் இடம் தந்தார்கள். ஊர்ப் பெயர் கேள்விப்பட்டு முன்பின் தெரியாதவர்கள்கூட வந்தார்கள். சாப்பிடும்போது ஒரு வயதான அம்மா "செத்தவீடு எப்பிடி நடந்தது, தம்பி? அங்க எங்கட முறையெல்லாம் செய்ய விடுவினமோ?" என்று கேட்டா. நான் நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். ஹால், விளக்கு, சுண்ணம், பந்தம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்து வைச்ச மனிசி. எனக்கு இஞ்ச ஆர் சுண்ணம் இடிக்கப்போகினம்?" என்றா.

அக்கா, எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. நான் இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு எல்லாம் நடந்தது என்று.

நல்ல செய்தி ஒன்று. என்னோடு இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவிக்கு வரும் நந்தகுமார் மே மாதம் சென்னைக்கு வருகிறான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவன். தங்கச்சியின் கலியாணத்துக்குத் தியாகராய நகரில் கூறைச்சேலை எடுத்துக்கொண்டு அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிறான். "அம்மாவை நான் கொண்டுபோறன்" என்று அவனே சொன்னான். சாம்பல் என்று சொல்லவில்லை, அம்மா என்றான். ஒரு சின்னச் செம்பில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருங்கள். விலாசம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் தம்பி,
குகன்

*

லண்டன்
30 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? போனை அடித்தால் மணி போகிறது, எடுக்கிறீர்கள் இல்லை. கடைக்கு அடித்தேன். எடுத்த பிள்ளை "மலர் அக்கா லஞ்ச்சுக்குப் போயிருக்காங்க" என்றது. ஆகவே உயிரோடு இருக்கிறீர்கள். அது போதும் என்று வைத்தேன். ஆனால் அது போதாது, அக்கா.

நந்தகுமார் பதினெட்டாம் தேதி வருகிறான். இரண்டு வரி எழுதுங்கள்.

குகன்

*

சென்னை
9 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே, படுக்கையில் விழவில்லை. நீ சுகமாக இருக்கவேண்டும்.

உன் சிநேகிதனை அலைக்கழிக்காதே. கலியாண அலுவலாக வருகிறவரின் கையில் சாம்பலைக் கொடுத்துவிடுவது சரியில்லை. அவருடைய வீட்டில் நல்ல காரியம். விமானத்தில் ஏற்றவும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அவரிடம் நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடு. காலம் வந்தால் நானே கொண்டுபோவேன். ஒருமுறை போனால் இந்தியாவுக்குத் திரும்ப விடமாட்டார்கள் என்று பொலிஸ் ஸ்டேசனில் சொல்கிறார்கள்தான். அதைப் பிறகு யோசிப்போம்.

இங்கே ஒரு மாற்றமும் இல்லை. ஹாலில் அம்மாவின் படத்துக்கு முன்னால் நித்தம் விளக்கு வைக்கிறேன். பின்னேரத்தில் கடல் காற்று வரும்போது அணைந்துவிடும், திரும்பவும் ஏற்றுவேன். அந்த ஜன்னலுக்குத் திரை போடவேண்டும்.

நீ கேஸை மட்டும் பார். என்னைப் பற்றி யோசிக்காதே.

அக்கா

*

லண்டன்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதவேண்டும். என்ன விசாரிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் நந்தகுமார் புறப்பட்ட பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அவனைத் தடுக்க முடியவில்லை. தியாகராய நகரில் சேலை எடுத்த கையோடு அடையாறுக்குப் போயிருக்கிறான். அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், நீ சொன்ன வீட்டில வேற ஆக்கள் இருக்கினம். புதுசாப் பெயின்ற் அடிச்சிருக்கு. உன்ர அக்கா மார்ச் கடைசியிலயே போயிட்டாவாம்" என்றான்.

நான் விலாசம் பிழையாக இருக்கும் என்றேன். அவன் மாடியில் இருந்த ராம்குமாரிடம் போனைக் கொடுத்தான். அக்கா, அந்த மனிதர் என் குரலைக் கேட்டதும் அழுதார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "தம்பி, நான் பண்ணது தப்புதான். கல்யாண வீடு. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து போய்ட்டு இருந்தாங்க. அம்மாவ வீட்டுக்குக் கொண்டுவர வேணாம்னு நான்தான் சொன்னேன். என் பொண்ணு இன்னும் எங்கிட்ட சரியாப் பேசறதில்ல." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க அக்கா ஒரு வார்த்த கோவமாப் பேசல. பேசியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார்.

நந்தகுமார் உங்களைக் கடையில் வந்து பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாதவன் முன்னால் நீங்கள் கூசிப்போவீர்கள். அவன் வெறுங்கையோடு யாழ்ப்பாணம் போய்விட்டான்.

ஹாலில் கிடத்தவில்லை. விளக்கு வைக்கவில்லை. நீங்கள் இப்போது அந்த வீட்டிலும் இல்லை. ஜன்னலுக்குத் திரை போடவேண்டும் என்று எழுதினீர்களே, அக்கா, எந்த ஜன்னல்?

எங்கே இருக்கிறீர்கள்? அம்மா எங்கே?

குகன்

*

பெரும்பாக்கம், சென்னை
18 ஜூன் 2024

அன்புள்ள தம்பி குகனுக்கு,

இது நான் இருக்கும் இடம். ஷீலா என்று ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறேனா தெரியாது. நம் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி செய்கிறவள். அவள் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. அரசாங்கத்தார் அங்கிருந்து எடுத்து இந்தப் பெரிய மாடிக் கட்டடங்களில் போட்டார்கள். இங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் வந்து இஸ்திரி போடுகிறாள். அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் ஒரு அறை வீட்டில் நானும் இருக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா போனதும் ராம்குமார் சாருக்குத்தான் முதலில் சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் கல்யாணம். பந்தக்கால் நட்டாச்சு. வண்டி நானே சொல்லிட்டேன். இங்கேருந்து நேரா..." என்றார். முடிக்கவில்லை. நான், "ஒரு மணித்தியாலம் மட்டும், சார். உள்ளே வேண்டாம், கார் நிற்கும் இடத்தில்" என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பதினோரு வருடம் எங்களை வைத்திருந்தவர். அம்மாவைத் தன் தாய் போலப் பார்த்தவர். கும்பிடுகிற மனிதரிடம் நான் என்ன கேட்பது? சட்டம் பேசவா? நான் யார் இந்த ஊரில்?

வண்டிக்காரர் பெயர் மெஹபூப் அலி. "வூடு எங்கம்மா?" என்று கேட்டார். வீட்டுக்குப் போகவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எங்கள் தெருவால் ஒருமுறை போகலாமா?" என்றேன். "போலாம்மா. ஆனா நிக்கக் கூடாதுன்னு அந்த சாரு போன்ல சொல்லிக்கிறாரு. மெதுவாப் போறேன்" என்றார்.

மெதுவாகத்தான் போனார், தம்பி. சைரனை நிறுத்திவிட்டார். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் காதுக்குள் "வீடு வந்திட்டுது அம்மா" என்றேன். சொல்லி முடிக்கும்போது வீடு பின்னால் போய்விட்டது.

ஷீலாதான் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தாள். "யக்கா! இன்னாக்கா, ஆயாவ வூட்டாண்ட நிறுத்தாம இட்டுனு போறீங்க?" என்று கத்தினாள். தெருமுனை தாண்டி மெஹபூப் அலி நிறுத்தினார். சேலை மாற்றவேண்டும் என்றேன். ஆஸ்பத்திரிச் சட்டையோடு கிடந்தா. நான் துடக்கோடு அந்தப் படியேறக் கூடாது என்று ஷீலா என் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள். அம்மா தன் கடைசிக்கென்று மடித்து வைத்திருந்த பட்டு அவளுக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்ததை எடுத்து வந்தாள். அது என் சேலை. கடைக்குப் போகும்போது கட்டுகிற நீலம். திருப்பி அனுப்ப நேரமில்லை. அதைத்தான் உனக்கு வடிவாக இருந்தது என்று எழுதினேன். வடிவாகத்தான் இருந்தது.

மயானத்துக்குப் பக்கத்தில் மரநிழலில் வண்டியை விட்டார் மெஹபூப் அலி. கதவைச் சாத்திவிட்டு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், யாரும் எட்டிப்பார்க்காமல். தண்ணீர்ப் போத்தலில் இருந்த தண்ணீரால் அம்மாவின் முகத்தையும் கையையும் துடைத்தோம். உரல் ஏது, சுண்ணம் ஏது. பாட்டு எனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியைச் சொன்னேன். ஷீலா, "நல்லா கீதுக்கா, திருப்பிச் சொல்லு" என்றாள். திரும்பவும் அதே பாதியைச் சொன்னேன்.

மயானத்துக்குள் வேலை செய்கிறவர் "ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார். முகாமிலிருந்து ஒரு பொடியன் வருவதாகச் சொல்லியிருந்தான். வெளியே போக அனுமதி வாங்கி, ரயில் பிடித்து, அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நானும் ஷீலாவும் பஸ்ஸுக்கு நின்றோம். ஆகவே கொள்ளி நான்தான் வைத்தேன். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். கற்பூரத்தை என் கையில் தந்தார்கள். கை நடுங்கவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் சாம்பலை மண்சட்டியில் தந்தார்கள். எங்கே கொண்டுபோவது? அந்த வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. ஷீலா "எங்கூட்டுக்கு எட்த்துனு வா" என்றாள். பிள்ளைகள் படுக்கும் ஒற்றை அறை. சட்டியோடு பெசன்ட் நகர் கடற்கரையில் போய் இருந்தேன். பொழுது சாயும்வரை இருந்தேன். பஜ்ஜிக் கடைகள் வந்தன. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். மடியில் என்னம்மா என்று ஒரு சுண்டல்காரர் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கரைத்துவிட்டேன்.

எந்தக் கடலும் ஒன்றுதான், கீரிமலைக்கும் இந்தத் தண்ணீர்தான் போகும் என்று ஷீலாவின் புருஷன் சொன்னார். உனக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். அம்மா கேட்டது அது இல்லை.

போனில் நீ "ஹாலில் கிடத்திறீங்களா?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். அப்போது வண்டிக்குள்தான் இருந்தேன். அந்த ஒரு ஓமுக்குப் பிறகு மற்றதெல்லாம் சொல்லவேண்டி வந்தது. கலியாணம் முடிந்து அடுத்த மாதம் நான் வெளிக்கிட்டேன். சார் போகச் சொல்லவில்லை. அந்த வாசலால் ஏறி இறங்க எனக்கு முடியவில்லை.

நீ என்ன எழுதினாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

லண்டன்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல்தான் இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது? ஷீலா குடும்பத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்களுக்கு நான் என்ன செய்யமுடியும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

எனக்குப் பயங்கரக் கோபம். உங்களோடு என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த வீட்டுக்காரரோடு. அவர் அழுத குரல் காதுக்குள் வந்ததும் அதுவும் போய்விட்டது. ஒருநாள் குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று உரக்க ஏசினேன். யாரை ஏசுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஜூலையில் என் கேஸ் விசாரணைக்கு வந்தது. "இலங்கையில் உமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றேன். "இந்தியாவில்?" அக்கா என்றேன். "தாயார் இறந்தபோது நீர் ஏன் போகவில்லை?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். போனால் திரும்பி வரமுடியாது என்றுதானே போகவில்லை, அதை நீங்கள்தானே சட்டமாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

போன கிழமை முடிவு வந்தது. மறுத்துவிட்டார்கள். லோயர் மேன்முறையீடு செய்யலாம் என்கிறார். அதுவும் போனால் என்னை இலங்கைக்குத் திருப்பி அனுப்புவார்கள். யோசித்துப் பாருங்கள், அக்கா. அம்மா முப்பத்திநாலு வருடம் போகக் கேட்ட இடத்துக்கு என்னைப் பிடித்து ஏற்றி அனுப்பப் போகிறார்கள். கீரிமலைக்கு நான் போகலாம். போய், கையில் ஒன்றுமில்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அங்கே என்னைத் தேடி வருகிற விசாரணைக்காரர்கள் அதற்கு முன்னால் வராவிட்டால்.

நீங்கள் கொள்ளி வைத்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நான் வைக்கவேண்டியது. கை நடுங்காமல் வைத்தீர்களே.

ஒன்று சொல்லவேண்டும். போன ஞாயிறு கோயிலில் அந்த வயதான அம்மாவைத் திரும்பவும் கண்டேன். அடுத்திருந்தவவிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பியின்ர தாய்க்கு மெட்ராசிலயே சுண்ணம் இடிச்சு, பந்தம் பிடிச்சு எல்லாம் செய்தவை" என்றா. அடுத்திருந்தவ எப்படி என்று கேட்டா. நான் முழுவதையும் சொன்னேன், ஹாலிலிருந்து வாசல்வரை. முதல்முறை சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன்.

உங்கள் தம்பி,
குகன்

*

மேற்கு மாம்பலம், சென்னை
29 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி குகனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் இரண்டு பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, வாசலிலேயே கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன். மேன்முறையீடு செய். லோயர் சொல்வதைக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு. இதைவிட எனக்கு எழுதத் தெரியவில்லை. உன்னைப் பிடித்து ஏற்றினால் தடுக்க எனக்கு எந்த அரசாங்கக் கந்தோரின் படியும் தெரியாது.

மேலே பார், விலாசம் மாறியிருக்கிறது. ஷீலாவின் மூத்தவளுக்குப் பரீட்சை. நான் இருந்தால் அந்தப் பிள்ளை வெளிப் படிக்கட்டில் இருந்துதான் படிக்கவேண்டும். ஷீலா போகவேண்டாம் என்று சண்டை பிடித்தாள். "நீ போனா ஆயா என்னத்தான் திட்டும்" என்றாள். ஆனாலும் வெளிக்கிட்டேன். கடைக்கு வருகிற ஒருவர் மூலம் இந்த அறை கிடைத்தது. இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம். தண்ணீர் காலையில் வருகிறது.

வீட்டுக்கார அம்மா கீழே இருக்கிறா. மரியாதையான மனிசி. காப்பி தந்துதான் பேசினா. என் அகதிப் பதிவுத் தாளைப் பார்த்தா, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"யாரெல்லாம் இருப்பீங்க?" என்று கேட்டா.

"நான் மட்டும்தான்."

"வயசானவங்க, உடம்பு முடியாதவங்க யாராச்சும் வந்து தங்குவாங்களா?"

"ஒருவரும் இல்லை."

"அப்போ சரி. தப்பா நெனச்சுக்காதீங்க. முன்னாடி இருந்தவங்க வீட்ல ஒரு பெரியவர் தவறிட்டார். இந்தச் சின்னப் படியில இறக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அப்புறம் ஒரு வருஷம் அந்த ரூமுக்கு யாருமே வரல." சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தா. முன்பக்கம் முழுக்க நரை. "உங்களுக்கு என்ன வயசாகுதும்மா?" என்றா.

உனக்குத் தெரியும், வருகிற தைக்கு எனக்கு அறுபது. நாற்பத்தெட்டு என்றேன்.

அவ சிரித்துக்கொண்டு, "உடம்ப நல்லா வெச்சிருக்கீங்க, ஆனா தலைதான்..." என்றா. மருந்துக்கடையில் நின்று நின்று சூட்டில் நரைத்துவிட்டது என்றேன். நம்பினாவோ இல்லையோ, சாவியைத் தந்தா. நான் மாடி ஏறும்போது கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன்.

இன்று வேலை முடிந்து வரும்போது கடையிலிருந்து ஒரு பாக்கெட் தலைச்சாயம் எடுத்து வந்தேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் பூசவேண்டும். எனக்குப் பின்பக்கம் எட்டாது. முன்பக்கம் போதும் என்று நினைக்கிறேன்.

உன் அக்கா,
யோகமலர்